பொங்கல் தூக்குவாளியும் ‘தலை’ என்ற சொல்லும்

தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

“ஐயா, என் பிறந்த வீடு மூன்று தலைமுறையாகத் தென்னிந்தியத் திருச்சபைக் (சி.எஸ்.ஐ.) குடும்பம். என் கணவர் கல்லூரியில் படிக்கும்போது ஆண்டவரை ஏற்றுக்கொண்டவர். என் அத்தை, அதாவது கணவருடைய அம்மா, மூன்று வருடத்துக்கு முன்புதான் விசுவாசத்துக்கு வந்தார்கள். போன வருடம் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அதற்கு முன்பு 21 வருடம் முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தீச்சட்டி எடுத்தவர்கள். இந்த வருடம் கொடை முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து, ‘அம்மனுக்குப் படைச்சது, சாப்பிடுங்க’ என்று கொடுத்தார்கள். விக்கிரகம் ஒன்றுமில்லை என்று வேதமே சொல்கிறதே என்று நானும் என் மகளும் சாப்பிட்டோம். அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ராத்திரி மீதியை அவர்களும் சாப்பிட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து தூக்கமில்லை, காய்ச்சல் வேறு. ‘அம்மன் கோவிச்சுக்கிட்டாளா, இயேசப்பா கோவிச்சுக்கிட்டாரா, ஒண்ணும் தெரியலையே’ என்று அழுகிறார்கள்.

என் கணவர், ‘இந்த வீட்டுக்கு நான் தலை. இனிமேல் நான் சொல்வதைத்தான் செய்யவேண்டும்’ என்று சொல்லிவிட்டார். பொங்கலோடு விடவில்லை. சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் நான் வேதபாடம் எடுப்பதை நிறுத்தச் சொன்னார். என் சம்பள ஏடிஎம் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டார். எல்லாவற்றுக்கும் ‘ஸ்திரீக்குப் புருஷன் தலை’ என்கிற 1 கொரிந்தியர் 11:3ஐக் காட்டுகிறார். பக்கத்து வீட்டு வாளியைக்கூடத் திருப்பிக் கொடுக்கப் போகக் கூச்சமாக இருக்கிறது. நான் செய்தது பாவமா? கிறிஸ்தவளுக்குச் சுதந்திரம் உண்டா, இல்லையா? தேவன் பெண்ணுக்கு வைத்த இடம் இதுதானா?”

அன்புள்ள சகோதரி,

உங்கள் ஐந்து பக்கத்தில் அத்தையைப் பற்றி நாலைந்து வரிதான் இருக்கிறது. எனக்கு அந்த வரிகளைத் தாண்டிப் போக முடியவில்லை. யார் கோபித்துக்கொண்டார் என்றே தெரியவில்லை என்று ஒரு மனுஷி அழுதால், விட்டு வந்த வீட்டுக்கும் வந்து சேர்ந்த வீட்டுக்கும் நடுவே, இருட்டில், தெருவில் நிற்கிறார் என்றுதான் அர்த்தம். அவர்களை முதலில் கைப்பிடித்து உள்ளே கூட்டிவர வேண்டும். சுதந்திரம், தலைமை எல்லாம் அப்புறம்.

நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். குருப்பட்டம் பெற்ற இரண்டாம் வருடம் ஒரு கிராமச் சேகரத்தில், அதாவது ஒரு குருவின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில், இருந்தேன். அந்த ஊரில் ஒரு பெரியவர் புதிதாக விசுவாசத்துக்கு வந்திருந்தார். முப்பது வருடம் சுடலைமாடனுக்குச் சாமியாடியவர். கொடை முடிந்த காலையில் ஊர்க்காரர் ஒருவர், பிரியமாகத்தான், வாழையிலையில் படைப்புச் சோறும் ஆட்டுக்கறியும் கட்டிக்கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். திண்ணையில் நாலைந்து விசுவாசிகள் இருந்தார்கள். நான் படித்த படிப்பைக் காட்ட நல்ல வாய்ப்பு என்று நினைத்தேன். “விக்கிரகம் ஒன்றுமில்லை” என்று ஒரு குட்டிப் பிரசங்கமும் செய்துவிட்டு, எல்லாரும் பார்க்கச் சாப்பிட்டேன். பெரியவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நடுங்கியது. “ஐயா, உங்களுக்கு அது கறி. எனக்கு அந்த வாசம் பட்டாலே உடம்பு முறுக்குது” என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார். நாலு மாதம் சபைக்கு வரவில்லை. கடைசியில் நான்தான் அவர் வீட்டுக்குப் போனேன். கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டதும் அவர் அழுதார், நானும் அழுதேன். நான் சொன்ன வசனம் சரி. சாப்பிட்டதும் எனக்குப் பாவமில்லை. ஆனாலும் அந்தத் திண்ணையில் நான் ஒரு மனுஷனை மிதித்துவிட்டேன்.

கிரேக்க தேசத்துக் கொரிந்து சபையில் நடந்தது கிட்டத்தட்ட இதேதான். கி.மு. 146இல் ரோமர் அழித்த ஊர் அது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் மறுபடியும் குடியேற்றினார். பல தேசத்து ஜனங்கள் வந்து சேர்ந்த துறைமுகப் பட்டணம். கோயில்களை ஒட்டியே பந்தி பரிமாறும் அறைகள் இருந்தன. வைத்தியத் தெய்வமான அஸ்கிளேப்பியசின் கோயில் வளாகத்தில் அப்படிப்பட்ட அறைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். விருந்து விசேஷமெல்லாம் அங்கேதான் நடக்கும். பலியிட்ட மாம்சம் கடைத்தெருவுக்கும் வரும். ஆக ஒரு கிறிஸ்தவன் கறி வாங்கினாலும் கேள்வி, விருந்துக்குப் போனாலும் கேள்வி. அந்தச் சபைக்குக் கொரிந்தியர் நிருபங்களை எழுதிய அப்போஸ்தலன் பவுல் அந்த ஊரில் ஒன்றரை வருடம் இருந்தவர். அந்தக் கறிக்கடைகளைக் கண்ணால் பார்த்தவர்.

அவருடைய பதில் ஒரே வரியில் இல்லை. கோயில் பந்தியில் உட்காராதே என்கிறார். கடையில் விற்பதை விசாரிக்காமல் வாங்கிச் சாப்பிடு என்கிறார். அவிசுவாசியான நண்பன் விருந்துக்குக் கூப்பிட்டால் போ, முன்னால் வைத்ததைச் சாப்பிடு, ஆனால் ‘இது விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டது’ என்று ஒருவன் சொன்னால், சொன்னவனுக்காகவும் மனச்சாட்சிக்காகவும் சாப்பிடாதே என்கிறார் (1 கொரிந்தியர் 10:25–28). உங்கள் விஷயம் இந்தக் கடைசி வகை. பக்கத்து வீட்டு அக்கா மறைக்கவில்லை, நேராகச் சொல்லித்தான் கொடுத்தார். அந்த இடத்திலேயே நீங்கள் அன்பாக விலகியிருக்கலாம். அக்கா சொன்ன வார்த்தையும் உங்கள் பதிலும் அத்தையின் காதில் விழுந்துகொண்டிருந்தன என்பதை நீங்கள் கவனிக்கவில்லை. பொங்கலில் பாவம் இல்லை. பக்கத்தில் நின்ற மனுஷியைப் பார்க்காமல் போனதுதான் தவறு. என் தவறும் அதேதான் என்பதால், சொல்ல எனக்கு வாய் கூசவில்லை.

‘இடறல்’ என்ற சொல்லை நம் சபைகளில் தினமும் கேட்கிறோம். அதன் அர்த்தம் மட்டும் நழுவிவிட்டது. இன்னொருவருக்கு மனத்தாங்கல் வருவதையெல்லாம் பவுல் இடறல் என்று சொல்லவில்லை. அவர் சொல்வது, உன்னைப் பார்த்து ஒருவன் தன் மனச்சாட்சி வேண்டாம் என்று சொல்வதைச் செய்யத் துணிகிறான், செய்துவிட்டு விழுகிறான் என்பது. 1 கொரிந்தியர் எட்டாம் அதிகாரம் 10, 11 வசனங்களைப் படித்துப் பாருங்கள். ‘துணிவுகொள்ளுமல்லவா’ என்று கேட்டுவிட்டு, ‘அவனுக்காகக் கிறிஸ்து மரித்தாரே’ என்கிறார். அத்தைக்கு அன்று ராத்திரி நடந்தது அட்சரம் பிசகாமல் இதுதான். பகலில் நீங்கள் சாப்பிட்டதைப் பார்த்து அவர்களுக்குத் துணிவு வந்தது. சாப்பிட்டதும் பழைய பயம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. 21 வருடப் பழக்கம் ஒரு ஞானஸ்நானத் தண்ணீரில் ஒரே நாளில் கரைவதில்லை. கரையவில்லையே என்று அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையும் இல்லை. மூன்றாம் தலைமுறைக் கிறிஸ்தவர்களான உங்களுக்கும் எனக்கும் இந்தச் சுதந்திரம் பாட்டன் சொத்தாக வந்தது. அவர்கள் சொந்தபந்தம் முகம் சுளிக்க, விலை கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

அதனால் உங்கள் இரண்டாம் கேள்விக்குப் பதில்: சுதந்திரம் உண்டு. ‘சுயாதீனத்திற்கு அழைக்கப்பட்டீர்கள்’ என்று கலாத்தியர் 5:13 சொல்கிறது. அதே வசனம் அடுத்த மூச்சில், ‘அன்பினாலே ஒருவருக்கொருவர் ஊழியஞ்செய்யுங்கள்’ என்கிறது. உரிமை உங்கள் கையில் இருக்கிறது என்பதற்கு அடையாளமே, வேண்டும்போது அதை ஓரமாக வைக்க முடிவதுதான். பவுல் 1 கொரிந்தியர் ஒன்பதாம் அதிகாரம் முழுவதும் தன் கதையையே சொல்கிறார். சபையிடம் சம்பளம் வாங்க எனக்கு அதிகாரம் உண்டு, விசுவாசியான மனைவியைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகவும் அதிகாரம் உண்டு என்று ஒவ்வொன்றாக நிரூபித்துவிட்டு, இதில் ஒன்றையும் நான் பயன்படுத்தவில்லை என்கிறார். கூடாரம் தைத்துச் சாப்பிட்டார்.

நம் திருநெல்வேலி ஜில்லாவிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 1900 வாக்கில் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரோடு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லப் போன தமிழ்ப் பெண்களில் சிலர், தாங்களாகவே நகைகளைக் கழற்றி வைத்தார்கள். நகையில்லாத கழுத்து குடும்பத்துக்கே தலைகுனிவு என்று நினைத்த காலம் அது. உறவுக்காரர்கள் கொதித்தார்கள். அந்தப் பெண்கள் அசையவில்லை, ஏனென்றால் அது அவர்கள் ஆண்டவருக்குத் தாங்களே கொடுத்தது. இன்று சில சபைகளில் ஞானஸ்நானத்துக்கு முன்னால் கம்மலைக் கழற்றினால்தான் ஆச்சு என்று வாசலிலேயே நிற்கிறார்கள். அதே கம்மல்தான். கழற்றும் கை மட்டும் வேறு. முதலாவதைக் காணிக்கை என்று சொல்லலாம். இரண்டாவதற்கு நான் என்ன பெயர் வைப்பது?

உங்கள் வீட்டு விஷயத்தில் நான் சொல்லவேண்டிய முக்கியமான ஒன்று இங்கேதான் இருக்கிறது. விட்டுக்கொடுப்பது உரிமை உள்ளவர் கொடுக்கிற ஈவு. இன்னொருவர் வசனத்தைக் காட்டி வசூல் பண்ணுகிற வரி ஆகாது. அத்தைக்காகப் பொங்கலை விட்டுவிடுங்கள் என்று நான் உங்களிடம் கெஞ்சிக் கேட்பேன். பிடுங்கிக்கொள்ள எனக்கு அதிகாரமில்லை. உங்கள் கணவருக்கும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் சொல்லாவிட்டால், நான் சொன்னதை யாராவது உங்களுக்கு எதிராகவே பிடித்துக்கொள்வார்கள். எவர் முகம் சுளித்தாலும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று அர்த்தமில்லை. பவுல் தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் பண்ணினார், யூதர்களிடம் போக வழி திறக்கட்டும் என்று. இன்னொரு உடன் ஊழியனான தீத்துவுக்குச் செய்யச் சொல்லி ஒரு கூட்டம் நெருக்கியபோது, ‘ஒரு நாழிகையாகிலும்’ இணங்கவில்லை என்று எழுதுகிறார். செய்தவரும் மறுத்தவரும் ஒரே ஆள்தான். ஒரு இடத்தில் பலவீனரைத் தாங்குவது காரியம், மற்ற இடத்தில் பலமுள்ளவர்கள் நுகம் வைக்கப் பார்த்தார்கள். அந்தியோகியாவில் பேதுரு யூதர்களுக்குப் பயந்து புறஜாதியாரோடு பந்தியிருப்பதை நிறுத்தியபோது, ‘பாவம், அவர்கள் மனம் நோகுமே’ என்று பவுல் சும்மா இருக்கவில்லை. முகத்துக்கு நேரே கண்டித்தார்.

நம் சபைச் சரித்திரத்திலும் அப்படி ஒரு நாள் வந்தது. ஒரே வரிசையில் உட்கார்ந்து, ஒரே கிண்ணத்தில் நற்கருணை எடுக்கச் சாதியின் பெயரால் சிலர் மறுத்தார்கள். எங்கள் மனம் புண்படும், பரம்பரை வழக்கம் என்றார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே, முழுசாக விடவேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் பலர் எதிர்த்து வெளியேறினார்கள். அவர்கள் மனம் புண்பட்டது என்னவோ உண்மை. ஆனால் அங்கே இணங்கிப் போயிருந்தால், கடைசி வரிசையில் உட்காரவைக்கப்பட்ட விசுவாசிகளுக்குத்தான் இடறல். யாருக்காக விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்க்கும்போது, கீழே விழப்போகிறவர் யார் என்று பார்க்கவேண்டும். சத்தம் போடுகிறவர் யார் என்று பார்க்கக்கூடாது. முன்பெஞ்சில் நாற்பது வருடமாக உட்கார்ந்துகொண்டு, யார் தலையில் பூ இருக்கிறது என்று எண்ணுகிற பெரியவர்களைப் பவுல் ஒருநாளும் ‘பலவீனர்’ கணக்கில் சேர்த்திருக்கமாட்டார்.

சரி, இப்போது உங்கள் கணவர் காட்டுகிற வசனத்துக்கு வருவோம்.

‘ஸ்திரீக்குப் புருஷன் தலையாயிருக்கிறான்.’ வேதத்தில் இருக்கிறது. நான் அதை அழிக்கப்போவதில்லை. ‘தலை’ என்பதற்கு அதிகாரம் என்று ஒரு சாராரும், பிறப்பிடம் என்று இன்னொரு சாராரும் பொருள் சொல்லி வாதாடுகிறார்கள். என் நிதானம் என்னவென்றால், குடும்பத்துக்காக முதலில் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு புருஷனுக்கு உண்டு. அந்த வசனம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் பாருங்கள். எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று அதிகாரம் ‘உனக்கு அதிகாரம் உண்டு, அதை மற்றவனுக்காக விட்டுவிடு’ என்றே சொல்லிக்கொண்டு வந்து, ‘நான் கிறிஸ்துவைப் பின்பற்றுகிறதுபோல நீங்கள் என்னைப் பின்பற்றுங்கள்’ என்று முடித்து, அதற்கு ஒரு வசனம் தள்ளித்தான் ‘தலை’ என்ற பேச்சே வருகிறது. அந்த மூன்று அதிகாரத்தையும் தாவிவிட்டு 11:3ஐ மட்டும் கையில் எடுப்பது, முன்பகுதியைக் கிழித்துவிட்டு உயில் படிப்பதுபோல.

அதே வசனம், ‘கிறிஸ்துவுக்குத் தேவன் தலையாயிருக்கிறார்’ என்றும் சொல்கிறது. பிதா குமாரனை மட்டம் தட்டினார் என்று எந்தச் சபையாவது போதிக்குமா? குமாரன் பிதாவுக்குச் சமமானவர். தம்மைத்தாமே வெறுமையாக்கினார், ஒருவரும் அவரிடமிருந்து பறிக்கவில்லை. எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தில் ‘தலை’ என்று சொன்ன கையோடு, கிறிஸ்து சபைக்காகத் ‘தம்மைத்தாமே ஒப்புக்கொடுத்தார்’ என்று வருகிறது. மனைவிகளுக்குச் சொன்ன வார்த்தை மனைவிகளுக்கு எழுதப்பட்டது. புருஷர்களுக்கு எழுதியது ‘அன்புகூருங்கள்’ என்பது. எபேசியரிலும் கொலோசெயரிலும் பேதுருவின் நிருபத்திலும் தேடிப் பாருங்கள். ‘உன் மனைவியைக் கீழ்ப்படியவை’ என்று ஒரு புருஷனுக்கும் கட்டளை கிடையாது. அடுத்தவருக்கு வந்த கடிதத்தைப் பிரித்து அதிகாரம் பண்ணுவதுதான் நம் வீடுகளில் பாதிச் சண்டைக்குக் காரணம்.

இன்னும் ஒன்று. நம் தமிழ் வேதாகமத்தில் 1 கொரிந்தியர் 11:10ல் ‘முக்காடிட்டுக்கொள்ளவேண்டும்’ என்று இருக்கிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் முக்காடு என்ற சொல் இல்லை. ‘எக்ஸூசியா’, அதாவது ‘அதிகாரம்’ என்று இருக்கிறது. எட்டாம் அதிகாரத்தில் சாப்பிடுகிறவனுக்கு உண்டு என்று சொன்ன அதே அதிகாரம், ஒன்பதாம் அதிகாரத்தில் பவுல் தனக்கு உண்டு என்று சொன்ன அதே சொல். பெண் தன் தலையின்மேல் அதிகாரம் உடையவளாக நிற்கிறாள். அர்த்தத்தைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதாடட்டும். ஆனால் அதிகாரமே இல்லாத ஒருத்தியைப் பற்றி அந்தப் பகுதி பேசவில்லை என்பது எனக்குத் தெளிவு. ஜெபிக்கிற, தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண்ணுக்குத்தானே ஐந்தாம் வசனம் முக்காட்டைப் பற்றிச் சொல்கிறது? வாய்மூடி உட்கார்ந்திருந்தவளைப் பற்றியல்ல. கொரிந்திலேயே பவுல் தங்கியது ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் வீட்டில். அப்பொல்லோ என்ற பெரிய பிரசங்கியைப் புருஷனும் பெண்ஜாதியுமாகச் சேர்ந்து உட்காரவைத்துத் தேவனுடைய மார்க்கத்தை விளக்கினார்கள். கொரிந்தின் துறைமுகமான கெங்கிரேயாவின் சபைக்கு ஊழியக்காரியாக இருந்தவள் பெபேயாள். நம் சி.எஸ்.ஐ. திருச்சபையில் 2013இல் நந்தியாலில் ஒரு பெண்ணே பேராயரானார். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பெண்களுக்கு வேதபாடம் எடுப்பது எந்த வியாக்கியானத்தில் குற்றம் என்று எனக்கு விளங்கவில்லை. அது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட வரம். அதை நிறுத்தாதீர்கள். ஒரு மாதம் அத்தையோடு இருக்க நேரம் வேண்டும் என்று நீங்களாக ஓய்வு எடுத்தால் அது வேறு.

‘ஏற்ற துணை’ என்று ஆதியாகமம் பெண்ணைச் சொல்வதைக் கையாள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். எபிரெயத்தில் அந்தத் துணைக்கு வரும் சொல்தான் 121ஆம் சங்கீதத்தில் ‘எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்கள்’ என்கிற ஒத்தாசைக்கும் வருகிறது. அங்கே ஒத்தாசை செய்கிறவர் கர்த்தர். சாராள் ஆபிரகாமை ‘ஆண்டவன்’ என்று சொன்னதைப் பேதுரு மெச்சுகிறார், சரிதான். அதே ஆபிரகாமிடம் தேவன், ‘சாராள் உனக்குச் சொல்வதெல்லாவற்றையும் கேள்’ என்றும் சொன்னார். அந்த வசனத்தைக் கல்யாண ஆராதனையில் யாரும் வாசித்து நான் கேட்டதில்லை.

ஏடிஎம் கார்டைப் பற்றி நீட்டிப் பேசப்போவதில்லை. அத்தையின் மனச்சாட்சிக்கும் அந்தக் கார்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது உங்கள் உழைப்பு, உங்கள் கணக்கு. அமைதியாக, ஆனால் தெளிவாகத் திருப்பிக் கேளுங்கள். வீட்டுச் செலவை இருவரும் உட்கார்ந்து எழுதுங்கள். இன்னொன்றும் கேட்கவேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். அவர் கை ஓங்கியிருக்கிறாரா? வீட்டில் பயந்து பயந்து நடக்கிறீர்களா? அப்படியானால் மேலே நான் எழுதிய விட்டுக்கொடுத்தல் எதையும் உங்கள்மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள். உடனே உங்கள் வீட்டாரிடம் சொல்லுங்கள், 181 என்ற மகளிர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், எனக்கும் எழுதுங்கள். அடியைப் பொறுத்துக்கொள் என்று எந்தப் போதகர் சொன்னாலும் கேட்கவேண்டாம்.

உங்கள் கணவரும் இதைப் படிப்பார் என்று நம்பி அவருக்குச் சில வார்த்தை.

தம்பி, உங்கள் கோபத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரிகிறது. கல்லூரியில் நீங்கள் ஆண்டவரைக் கண்டுகொண்ட நாளிலிருந்து அம்மாவுக்காக ஜெபித்திருப்பீர்கள். அந்த ஜெபத்துக்குப் பதில் வந்து மூன்று வருடம்கூடத் தாண்டவில்லை, கண்முன்னே ஆட்டம் கண்டுவிட்டதே என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதை அப்படியே மனைவியிடம் சொல்லியிருந்தால், அவர் அன்றைக்கே அழுதிருப்பார், அம்மாவிடம் ஓடியிருப்பார். நீங்கள் பயத்தைச் சொல்லாமல் பதவியைச் சொன்னீர்கள். தலை என்றால் முதலில் குனிகிறவர். உங்கள் வீட்டில் முதலில் மன்னிப்புக் கேட்கிற வாய் உங்களுடையதாக இருக்கட்டும். அப்புறம் ஒரு ராத்திரி மூன்று பேருமாக உட்கார்ந்து 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரம் முதல் 11ஆம் அதிகாரம் 16ஆம் வசனம் வரை ஒரே மூச்சில் சத்தமாக வாசியுங்கள். அரைமணி நேரம்கூட ஆகாது. யாரும் நடுவில் விளக்கம் சொல்லவேண்டாம்.

சகோதரி, அத்தையிடம் என்ன சொல்வது என்று குழம்பவேண்டாம். ‘விக்கிரகம் ஒன்றுமில்லை, பயப்படாதீங்க’ என்று தர்க்கம் பண்ணாதீர்கள். அவர்கள் பயம் தர்க்கத்தில் வந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, “அத்தை, உங்களை நினைச்சுப் பாக்காம சாப்பிட்டேன், அது என் தப்பு. இயேசப்பா உங்கமேல கோவிச்சுக்கல” என்று சொல்லுங்கள். அதன்பிறகு ரோமர் 8ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களை மெதுவாக வாசியுங்கள். கிறிஸ்துவின் அன்பை விட்டு நம்மைப் பிரிக்க மாட்டாதவைகளின் பட்டியலில் அதிகாரங்களும் வல்லமைகளும் வருகின்றன. அத்தை எவைகளுக்குப் பயப்படுகிறார்களோ அவைகளுக்கெல்லாம் அதில் பதில் இருக்கிறது. காய்ச்சல் விடாவிட்டால் டாக்டரிடமும் காட்டுங்கள். ஒரு வாரக் காய்ச்சலை ஆவிக்குரிய விஷயம் என்று விட்டுவிடக்கூடாது. மகளிடமும் ஒரு வார்த்தை: பொங்கல் கெட்டது என்றோ, பக்கத்து வீட்டு அக்கா கெட்டவர்கள் என்றோ சொல்லாதீர்கள். ஆச்சிக்காக நாம் இதைச் சாப்பிடுவதில்லை என்று சொன்னால் அவளுக்குப் புரியும்.

கடைசியாக அந்த அக்கா. உங்கள் கடிதத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத ஆள் அவர்தான். விசேஷ நாளில் உங்களை மறக்காமல் வாசல்படி ஏறி வந்தவர். அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசலாம்: “அக்கா, எங்க அத்தை புதுசா வந்திருக்காங்க, சாமிக்குப் படைச்சதைப் பாத்தா மனசு கலங்குறாங்க. அடுத்த தடவை படைக்கிறதுக்கு முன்னாடி எங்களுக்குன்னு கொஞ்சம் தனியா எடுத்து வச்சிடுங்க.” நம் ஊர்களில் எத்தனையோ வீட்டில் இந்துச் சகோதரிகள் கேட்காமலே அப்படி எடுத்து வைக்கிறார்கள். ‘இது படைக்காதது’ என்று சொல்லிக் கொடுப்பதை நானே வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது நமக்கு வழக்கமில்லையே. அத்தைக்கு உடம்பு தேறியதும் இருவருமாகச் சேர்ந்து முந்திரிக்கொத்து செய்யுங்கள். பாகு பதம் அவர்கள் பார்க்கட்டும். வாளி நிறையப் போட்டு, அத்தையையே முன்னால் விட்டு, நீங்கள் பின்னால் போங்கள்.